ரொறன்ரோ வகுப்பறையில் நான் தூக்கிய கை

ரொறன்ரோவுக்கு முதன்முறையாகப் போகிறோம், என்ன பார்க்கலாம், பஸ்ஸில் எப்படிப் போவது என்று கேட்டு இந்த வருடம் மட்டும் ஐந்தாறு பேர் எழுதிவிட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல நான் பொருத்தமான ஆள்தானா என்பது சந்தேகம். நான் அங்கே முதலில் போனது 1996 ஒக்ரோபரில். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போயிருக்கிறேன் என்றாலும், மனதில் நிற்பது அந்த முதல் பயணம்தான். நயாகராவைப் பற்றியும் அந்த உயரமான கோபுரத்தைப் பற்றியும் எழுதாத ஆளில்லை. நான் எழுதப்போவது ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறையைப் பற்றி. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. மானம் மட்டும் கொஞ்சம் போகலாம்.

அப்போது நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் சமூகக்கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். குடியியல் பகுதி வந்தால் மற்ற ஆசிரியர்கள்கூட என்னிடம்தான் நோட்ஸ் வாங்குவார்கள். ‘சனநாயகம் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு நான் கொடுத்த ஆறு வரி விடையை இருபது வருடமாகப் பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் எழுதி வந்தார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதையும் நானே சொல்லுவேன். பரீட்சையில் முழுப் புள்ளி கிடைக்கும். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

என் தங்கை வசந்தி யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது இடைவெளி. நான் அக்கா பாதி, அம்மா பாதியாக வளர்த்த பிள்ளை. அவளுடைய கணவர் சிவநேசன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்தார். அவர்தான் ஸ்பொன்சர் கடிதம் அனுப்பினார். அரசாங்க உத்தியோகம் இருந்தபடியால், நான் திரும்பி வந்துவிடுவேன் என்று விசா அதிகாரி நம்பினார். அதிபர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஐந்து வாரம் லீவு தந்தார். லண்டனில் ஏழு மணித்தியாலம் காத்திருந்தது உட்பட, கொழும்பிலிருந்து மொத்தம் இருபத்தாறு மணித்தியாலப் பயணம். ரொறன்ரோவில் இறங்கியபோது மாலை மூன்று நாற்பது.

விமான நிலையத்திலிருந்து வசந்தி இருக்கும் டோர்செட் பார்க் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். நானூற்றொன்று என்கிற பெருந்தெருவில் நெரிசல் இல்லையென்றால் முப்பத்தைந்து நிமிடம். எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் பிடித்தது. வசந்தி வீடு பதினான்கு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடி. லிஃப்டுக்குள் ஏறினாலே எந்த மாடியில் யார் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். அந்த வாசனையில் எனக்கு ஆறுதலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். கனடாவைப் பார்க்க வந்தவளுக்கு முதல் ஆறுதல் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு!

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பஸ்ஸில் சாரதி மிச்சக் காசு தரமாட்டார். கட்டணம் அப்போது இரண்டு டொலர். நான் ஐந்து டொலர் தாளைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சாரதி ஒரு சீக்கியர், வயதானவர். பெட்டியைக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு பாவமாக இருந்ததோ என்னவோ, மாறிச் செல்வதற்கான கடதாசித் துண்டு ஒன்றைக் கிழித்துத் தந்து, “இதைத் தொலைத்துவிடாதீர்கள், அடுத்த பஸ்ஸுக்கு இதுதான்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அடுத்த பஸ்ஸே இல்லை. ஆனாலும் அதை ஒரு வாரம் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதல் வாரம் தூக்கத்தில் போயிற்று. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை வசந்தி என்னைத் தன் ஆங்கில வகுப்புக்குக் கூட்டிப்போனாள். வீட்டிலிருந்து கெனடி வீதி பஸ்ஸில் தெற்கே நான்கு கிலோமீற்றர், பதினைந்து நிமிடம். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு இலவசம். வகுப்பு முடிந்ததும் வசந்தி அங்கிருந்து நேரே வேறு பஸ் பிடித்து, கார் உதிரிப்பாகம் பொதி செய்யும் தொழிற்சாலைக்குப் போவாள். அங்கே இரண்டு மணிக்கு ஷிஃப்ட். டிசெம்பருக்குள் இந்த வகுப்பை முடித்துச் சோதனை பாஸ் பண்ணினால், ஜனவரியில் முதியோர் பராமரிப்புக் கோர்ஸில் சேரலாம். சேர்ந்துவிட்டால் பெட்டி ஒட்டும் வேலைக்கு முழுக்குப் போடலாம். ஆறு வருடமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அதுதான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ் அறைதான் வகுப்பு. இருபத்தொரு பேர். பன்னிரண்டு பேர் நம்மவர்கள். மற்றவர்கள் சீனர், சோமாலியர், போலந்துக்காரர் ஒருவர், ஈரானியச் சகோதரிகள் இருவர். ஆசிரியை பெயர் மார்கரெட். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். நம்மவர்கள் ‘மிஸ்’ என்பார்கள். அவர் உள்ளே வந்ததும் பன்னிரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். ‘இருங்கள், இருங்கள்’ என்று ஒவ்வொரு நாளும் அவர் கையை அமர்த்துவாராம். மூன்று மாதமாகியும் யாரும் மாறவில்லை. எனக்கு அதைப் பார்க்க உள்ளம் குளிர்ந்தது. நல்ல பழக்கம் எங்கே போனாலும் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைய பாடம் தேர்தல். கனடியக் குடியுரிமைச் சோதனைக்கு வேண்டியது. மிஸ் அதை வெறும் பாடமாக நடத்தவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. நவம்பர் தொடக்கம் இந்த வகுப்பைக் காலையில் வைத்திருப்பதா, மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்றரை வரைக்கு மாற்றுவதா? இரண்டிலொன்றுதான் முடியும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். “அலுவலகம் தீர்மானிக்கவில்லை, நானும் தீர்மானிக்கப்போவதில்லை. நீங்கள்தான் தீர்மானிக்கப்போகிறீர்கள்” என்றார் மிஸ். நிறையப் பேருக்கு அவர் சொன்னது பாதிதான் விளங்கியது. வசந்தி உடனே என்னைக் காட்டி, அக்கா குடியியல் ரீச்சர் என்று சொல்லிவிட்டாள். மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். இதைத் தமிழில் விளங்கப்படுத்த முடியுமா என்று கேட்டார்.

முடியுமாவா! கரும்பலகைக்கு முன்னால் என்னை விட்டால் போதாதா? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். என் ஆறு வரியைச் சொன்னேன். பெரும்பான்மை என்றால் என்ன, சிறுபான்மை என்றால் என்ன, சுதந்திரமாகத் தெரிவு செய்வது என்றால் என்ன என்று எல்லாவற்றையும் பிளந்துகட்டினேன். நம்மவர்கள் பன்னிரண்டு பேரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். மாணிக்கம் அங்கிள் என்று அறுபது வயது கடந்த ஒருவர், “ரீச்சர், அந்தக் கடைசி வசனத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ” என்றார். சொன்னேன்.

பிறகு வாக்கெடுப்பு. கை தூக்கினால் போதும் என்றார் மிஸ். முதலில் காலை. நான் தமிழில் சொன்னேன். “நவம்பரிலும் வகுப்பு காலையிலை நடக்கவேணும் எண்டு விரும்புறவை, இப்பிடிக் கையைத் தூக்குங்கோ.” இப்படி என்று சொல்லும்போது என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

பன்னிரண்டு கைகளும் ஒன்றாக எழும்பின. மாணிக்கம் அங்கிள் கையைத் தூக்கியதோடு நில்லாமல் எழுந்தும் நின்றார். பின்வரிசையில் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பாக்கியம் என்று பெயர், எல்லோரையும்விட நேராகத் தூக்கியிருந்தாள். மற்ற ஒன்பது பேரில் இரண்டு பேர் தூக்கினார்கள். பதினான்கு. மத்தியானத்துக்கு ஏழு. மிஸ் பலகையில் இரண்டு எண்களையும் எழுதி, பெரிய எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். நான் வந்து உட்கார்ந்ததும் வசந்தி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுடைய உள்ளங்கை வியர்த்திருந்தது. என் கை தூக்கலில் தங்கையின் ஷிஃப்ட் பற்றிய எண்ணம் துளியும் இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வசந்தி சிரித்த முகத்தோடு தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடினாள். நான் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம். நவம்பரிலும் வகுப்பு காலையில்தான், நல்லதாகப் போயிற்று என்றேன். அவள் சிரித்துவிட்டு, இந்த மாதத்தோடு வகுப்பை விடப்போவதாகச் சொன்னாள்.

“ஏன்?”

“என்ட சின்னவளுக்கு மத்தியானம்தான் பள்ளிக்கூடம், ரீச்சர். பன்னிரண்டே முக்காலுக்கு விட்டா மூன்றே முக்காலுக்குத்தான் கூட்டியாறது. காலையில பக்கத்து வீட்டு ராணி அக்காதான் பாத்துக்கொள்றவ. அவ மாச முடிவில ரூஜ் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போறா. பொறகு காலையில பிள்ளையை ஆரிட்ட விடுறது?”

எனக்கு விளங்கவில்லை. “அப்ப உமக்கு மத்தியான வகுப்பெல்லோ வேணும்? பிறகேன் காலைக்குக் கை தூக்கினீர்?”

பாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் ஏதோ விளங்காமல் கேட்கிறேன் என்பதுபோல் பொறுமையாகச் சொன்னாள். “ரீச்சர் நீங்க தூக்கினீங்கதானே. ரீச்சர் கை தூக்கேக்குள்ள நாங்க கீழ வெச்சிக்கொண்டு இரிக்கிறதா?”

அந்த பஸ்ஸில் என் தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். பாக்கியம் மணிக்கயிற்றை இழுத்து, “இறங்குங்க ரீச்சர்” என்று தோளைத் தொட்டுவிட்டு இறங்கியதும் எனக்குத் தெரியாது, பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். ஒரு தரிப்பிடம் தள்ளி இறங்கி அறுநூறு மீற்றர் திரும்பி நடந்தேன். காற்று காதை அறுத்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்கியது என்ன? ரீச்சர் வந்தால் எழும்பு, ரீச்சர் சொன்னால் எழுது, ரீச்சர் செய்தால் செய். அது ஊறிவிட்டது, கடல் கடந்தும் போய்விட்டது. அதற்கு மேலே சனநாயகத்தை ஆறு வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாக்கியம் என் மாணவிகூட இல்லை. யாரோ ஒரு ரீச்சர் கல்லடியிலோ ஏறாவூரிலோ அவளுக்குப் பழக்கியதை நான் ரொறன்ரோவில் வந்து அறுவடை செய்திருக்கிறேன். படித்த சமூகத்தில் சனநாயகம் தானாக வேர்விடும் என்று மேடைகளில் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். எப்படிப் படித்த சமூகம் என்று யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, சுத்தமான வெட்கம்.

புதன்கிழமை காலைத் தேநீரோடு வசந்தியிடம் சொன்னேன். மிஸ்ஸிடம் போய் அந்த வாக்கெடுப்புச் செல்லாது என்று சொல்லப்போகிறேன் என்றேன். அவள் கோப்பையை வைத்த வேகத்தில் தேநீர் மேசையில் சிந்தியது.

“அவவின்ரை கையை ஆரும் பிடிச்சுத் தூக்கினவையோ, அக்கா?”

“நான்தான் தூக்கினனான்.”

“அவவா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமெல்லே. இருபத்தொரு பேருக்கை அவவுக்கு மட்டுமோ பிரச்சினை? எனக்குப் பிரச்சினை இல்லையோ?”

“இருக்கு. அதைத்தான் நானும் இரவெல்லாம் யோசிச்சனான்.”

“நீங்கள் நயாகரா பாத்துப்போட்டுப் போற ஆள்” என்றாள் வசந்தி. குரல் உயரவில்லை. “நான் இஞ்சை இருக்கிறவள். மத்தியானத்துக்கு மாறினா என்ரை கோர்ஸ் போச்சு. இன்னும் ஒரு வருஷம் பெட்டி ஒட்டவேணும். அது தெரிஞ்சுகொண்டுதான் போய்ச் சொல்லப்போறியளோ?”

ஓம் என்றேன். அவள் சின்னவளாக இருந்தபோது அவளுக்காக நான் பொய்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு சின்ன மௌனம் போதும், அவளுடைய வாழ்க்கை ஒரு படி ஏறிவிடும். ஆனால் பாக்கியத்தின் அந்த நேரான கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் வசந்தியும் நானும் வேறு வேறு ஆசனத்தில் இருந்தோம். வகுப்புத் தொடங்க முன்னரே மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலம் கடதாசியில் நன்றாக இருக்கும், வாயில் தடக்கும். பாக்கியத்தின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் ஆசிரியர் கை தூக்கினால் எல்லோரும் தூக்குவார்கள், நான் அதை மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கை தூக்கச் சொன்னது நான். சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். அது என் பிழை” என்றார். பிறகு அலுமாரியிலிருந்து குளிர்காலச் சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். இருபத்தொரு துண்டுக் கடதாசி வெட்டினார். கடைசியாக என்னிடம் திரும்பி, மிகவும் மரியாதையாக, “நீங்கள் தயவுசெய்து வெளியே இருக்க முடியுமா?” என்று கேட்டார்.

வகுப்பிலிருந்து நான் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்கிறேன், எண்ணிக்கை இல்லாமல். என்னை யாரும் அனுப்பியதில்லை. தாழ்வாரத்தில் சிறுபிள்ளைகளுக்கான ஒரு வாங்கு இருந்தது. முழங்கால் நெஞ்சைத் தொட அதில் உட்கார்ந்தேன். என் தலைக்கு மேலே குட்டிக் குட்டிக் குளிர்ச்சட்டைகள் கொக்கிகளில் தொங்கின. துப்புரவு செய்கிறவர் துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, “என்ன, குழப்படி செய்தீர்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இருபது நிமிடம் போனது. எனக்கு இரண்டு விதமாகவும் பிரார்த்தனை வந்தது. கடைசியில் பிரார்த்தனையை விட்டுவிட்டு, கொக்கிகளை எண்ணினேன்.

கதவைத் திறந்தது மாணிக்கம் அங்கிள். “வாங்கோ ரீச்சர், எண்ணி முடிஞ்சுது” என்றார். பலகையில் புதிய எண்கள். காலை பத்து. மத்தியானம் பதினொன்று.

நம்மவர்களில் நாலு பேர் மாறியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட எனக்கு ஒரு நொடிதான் எடுத்தது. யார் என்று முகங்களில் தேடினேன். பன்னிரண்டு முகமும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வசந்தி கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள், பேனையை வைத்தாள், சிப்பை இழுத்தாள். வகுப்பு முடியும்வரை பிறகு அதைத் திறக்கவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பாக்கியம் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய மகளின் சப்பாத்து அளவு, ராணி அக்கா வாங்கிய வீட்டின் பின்வளவு என்று என்னவெல்லாமோ பேசினாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? “இண்டைக்கு நீர் எதுக்குப் போட்டனீர்?” என்று கேட்டுவிட்டேன்.

பாக்கியம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, “அது சொல்லக்கூடாதாமே, ரீச்சர்” என்றாள்.

எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோலவும் இருந்தது, கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. என் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாமல் விட்டு, அது சரியாகவும் இருந்தது அன்றுதான். நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தச் சப்பாத்துப் பெட்டி இருபது நிமிடத்தில் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்திருந்தது.

சனிக்கிழமை நயாகரா. ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர், சிவநேசனின் காரில் ஒரு மணி ஐம்பது நிமிடம். வசந்தி தலையிடி என்று வரவில்லை. நீர்வீழ்ச்சி பெரியதுதான். கரையில் நின்று நனையலாம், கட்டணம் இல்லை. கார் நிறுத்தத்தான் காசு. சிவநேசன் வரும்போதும் போகும்போதும் பழைய பாட்டுக் கசெற்றைச் சத்தமாகப் போட்டார். குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை ஒன்றை வசந்திக்கு வாங்கினேன். அவள் அதைப் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைத்தாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுதான் கஷ்டம். மூன்று நேரமும் சாப்பாடு போட்டாள், தட்டைப் பார்த்துப் போட்டாள். டெலிஃபோன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேறு எங்கே காலை வகுப்பு இருக்கிறது என்று தேடினாள். அவளே ஆங்கிலத்தில் பேசினாள். அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிடத் தைரியமாக இருந்தது. ஐந்தாவது அழைப்பில் ஒன்று கிடைத்தது. இரண்டு பஸ் மாறவேண்டும், ஒரு பக்கத்துக்கு ஐம்பத்தைந்து நிமிடம், காலை ஏழரைக்கே வெளிக்கிட வேண்டும். ஆனால் அங்கே சோதனை ஏப்ரலில்தான். கோர்ஸ் தள்ளிப்போய்விட்டது.

திரும்பும் நாளில் வசந்தி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்தாள். சிவநேசன் காரை நிறுத்தப் போயிருந்தார். வரிசையில் நின்றபடி கேட்டேன்.

“கோபமோ?”

“ஓம். கோபம்தான்” என்றாள். “போகாது போல கிடக்கு.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. என் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டே அவள் தொடர்ந்தாள். “ஆனா ஒண்டு சொல்லவேணும். ஊரிலை எனக்குப் பதினெட்டு வயசு வந்தாப்பிறகு ஒருநாளும் வோட் போடக் கிடைக்கேல்லை. அண்டைக்கு அந்தத் துண்டை மடிச்சுக்கொண்டு போகேக்கை ஒருதரும் என்னைப் பாக்கேல்லை, அக்கா. நீங்களும் பாக்கேல்லை. நானா யோசிச்சு, நானா எழுதி, நானாப் போட்டன். என்ரை முதல் வோட், தோத்துப்போச்சு.” சிரிக்க முயன்றாள், அழுகை வந்தது. நானும் அழுதேன். பின்னால் நின்ற குடும்பம், பிரிவுத்துயர் என்று நினைத்து எங்களுக்கு வழிவிட்டது.

இப்போது போகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன். அப்போது ஒக்ரோபர் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். இப்போது அது நவம்பரில் என்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காது மூடும் தொப்பி இல்லாமல் வெளியே போகாதீர்கள். பஸ்ஸுக்குச் சரியான சில்லறையோடு ஏறுகிற காலம் போய் அட்டை வந்துவிட்டது, அதை முதல்நாளே வாங்குங்கள். உறவினர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் குந்தியிராமல் அவர்கள் போகும் இடத்துக்கு ஒருமுறை கூடவே போய்ப் பாருங்கள். அவர்களுடைய ஊர் அங்கேதான் இருக்கிறது, நயாகராவில் இல்லை. ஏதாவது வகுப்பறைக்குள் கூட்டிப்போனால் பின்வரிசையில் இருங்கள், இரண்டு கையையும் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்.

கொழும்புக்கு வந்து இரண்டாவது வாரம், பத்தாம் வகுப்பில் குடியியல் பாடம் வந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். நோட்ஸை ரீச்சர் சொல்லச் சொல்ல எழுதுவதா, அல்லது பாடத்தை நீங்களே வாசித்துப் பேசி எழுதிக்கொள்வதா என்று கேட்டேன். துண்டு வெட்டிக் கொடுத்தேன். பிஸ்கற் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன். அதிபர் அந்த வழியால் வந்து, வகுப்பை விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளே வாக்கெடுப்பு என்றேன். இதெல்லாம் கனடாப் பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே போய் எண்ணிப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர். வேண்டாம் என்றவர்கள் முப்பத்து மூன்று.

இருபது வருடத்து நோட்ஸ். கமாவும் முற்றுப்புள்ளியுமாக நான் செதுக்கிய ஆறு வரி. ஐந்து பேர்! அன்று பின்னேரம் வசந்திக்கு வானஞ்சலில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. புது வகுப்பு நல்லதாம், பஸ்ஸில்தான் நித்திரை கொள்கிறாளாம், பாக்கியத்தைக் கடையில் கண்டாளாம், இருவரும் கதைத்தார்களாம். கடிதத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சரிவாக ஒரு வரி: “இப்ப உங்களுக்குக் கோபமோ, அக்கா?”

ஓம் என்றுதான் பதில் எழுதினேன்.